கான்ஃபெடரேட் வீரரின் விதவை கேட்ட பென்ஷன்: பழைய விண்ணப்பத்தைத் தேடிப் படிப்பது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன தென் மாநிலங்கள் தோற்றன. வென்ற வடக்குப் படையின் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வாஷிங்டன் அரசு பென்ஷன் கொடுத்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, போரில் இறந்த சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர் கிடைத்தது. தோற்ற தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் படையில் இருந்தவரின் விதவைக்கு அங்கே ஒரு காசும் கிடையாது. அவர் தான் குடியிருக்கும் மாநில அரசிடம்தான் கேட்க வேண்டும். அந்த மாநிலங்களும் உடனே கொடுத்துவிடவில்லை. பல இடங்களில் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் சட்டம் வந்தது.

அப்படிக் கேட்டு எழுதப்பட்ட விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் காப்பகங்களில் இருக்கின்றன. பெரிய தோட்ட முதலாளிகள் வீட்டுப் பெண்கள் நாட்குறிப்பும் கடிதமும் விட்டுப் போனார்கள். சிறு விவசாயியின் மனைவிக்கு அதெல்லாம் இல்லை. அவருடைய வாயிலிருந்து வந்த பதில்கள் தாளில் ஏறிய ஒரே இடம் பெரும்பாலும் இந்த விண்ணப்பம்தான். அதனால்தான் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்கிறேன். வரலாறு படிக்கும் மாணவர்களுக்கும், பழைய அரசுத் தாள்களைப் படிக்கப் பழக நினைப்பவர்களுக்கும் இது நல்ல தொடக்கம். முன் அனுபவம் எதுவும் தேவையில்லை.

படி 1: சரியான மாநிலத்தைக் கண்டுபிடியுங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் முதலில் வழி தவறுவது இங்கேதான். கணவர் எந்த மாநிலத்து ரெஜிமென்ட்டில் (படைப்பிரிவில்) இருந்தார் என்று பார்த்து அங்கே போய்த் தேடுவார்கள். பென்ஷனைக் கொடுத்தது அந்த மாநிலம் அல்ல, விண்ணப்பித்தபோது விதவை குடியிருந்த மாநிலம். ஜார்ஜியா ரெஜிமென்ட்டில் போரிட்டவர் பின்னால் குடும்பத்தோடு டெக்சஸ் போய்விட்டால், அவர் மனைவியின் கோப்பு ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் மாநிலக் காப்பகத்தில் இருக்கும். போருக்குப் பிறகு நிலம் தேடி மேற்கே போன குடும்பங்கள் ஏராளம். அதனால் 1900, 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பெண் எங்கே இருந்தார் என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து, அந்த மாநிலத்தில் விதவைகளுக்கு எந்த ஆண்டிலிருந்து பென்ஷன் உண்டு என்று பாருங்கள். அலபாமாவில் 1886, வர்ஜீனியாவில் 1888, ஃபுளோரிடாவில் 1889. டெக்சஸில் 1899. டென்னசி 1891இலேயே வீரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலும் விதவைகளுக்கு 1905இல்தான் வழி திறந்தது. ஒக்லஹோமாவில் 1915. மிசூரி 1911இல் வறிய வீரர்களுக்கு மட்டும் கொடுத்தது, விதவைகளுக்குக் கொடுக்கவே இல்லை. மிசூரியில் விதவையின் விண்ணப்பத்தைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

படி 2: பெயர்ப் பட்டியலில் தேடுங்கள்

இனி டெக்சஸையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். அந்த மாநில நூலக ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பென்ஷன் பெயர்ப் பட்டியல் இலவசமாக இருக்கிறது. அசல் தாள்களின் படங்கள் ஆன்செஸ்ட்ரி தளத்தில் உண்டு, ஆனால் அதற்குக் கட்டணம். வேறு பல மாநிலங்களின் தாள்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகப் பார்க்கலாம். ஃபுளோரிடா தன் விண்ணப்பங்களை ஃபுளோரிடா மெமரி என்ற தளத்தில் பொதுவில் போட்டிருக்கிறது.

பெண்ணின் பெயர் கிடைக்கவில்லையா? கணவரின் முதலெழுத்துகளைப் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் விதவையைக் கணவர் பெயராலேயே எழுதுவது சாதாரணம். குடும்பப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால் இரண்டு, மூன்று விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். கணவரும் உயிரோடு இருந்தபோது பென்ஷன் வாங்கியிருந்தால் அவருக்குத் தனி எண் இருக்கும். இரண்டு கோப்பையும் எடுங்கள். நிராகரிக்கப்பட்டவையும் பட்டியலில் உண்டு, அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 3: படிவத்தை மெதுவாகப் படியுங்கள்

எல்லாப் படியிலும் அதிக நேரம் தர வேண்டியது இதற்குத்தான். டெக்சஸ் படிவத்தில் கேள்விகள் அச்சில், பதில்கள் கையெழுத்தில் இருக்கும். பெயர், வயது, பிறந்த இடம், டெக்சஸில் எத்தனை வருஷமாக வாசம், எந்த கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு). அப்புறம் கணவரின் முழுப் பெயர், திருமணம் நடந்த நாளும் இடமும், அவர் இறந்த நாளும் இடமும், அவர் எந்த கம்பெனி (ரெஜிமென்ட்டின் உட்பிரிவு), எந்த ரெஜிமென்ட், எவ்வளவு காலம் பணி செய்தார் என்பவை.

அதன் பிறகு வரும் கேள்விகள்தான் மனதைப் பிசைபவை. கணவர் இறந்த பிறகு மறுமணம் செய்தீர்களா? என்ன சொத்து இருக்கிறது, அதன் மதிப்பு என்ன? பென்ஷன் வாங்குவதற்காகவே சொத்தை வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்தீர்களா? நீங்கள் உண்மையிலேயே பிழைக்க வழியில்லாமல் இருக்கிறீர்களா? வயதான ஒரு பெண், ஊர் நீதிபதியின் முன்னால் சத்தியம் செய்து, தனக்கு எதுவுமே இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு மாடு, ஒரு படுக்கை, கொஞ்சம் சட்டி பானை என்று பதில் எழுதப்பட்டிருந்தால் அந்த வரியில் நின்று யோசியுங்கள். அதைச் சொல்ல அவர் எவ்வளவு தயங்கியிருப்பார்!

அதேசமயம் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பதில்கள் பணம் கேட்டுச் சொல்லப்பட்டவை. சட்டம் எதைக் கேட்கிறதோ அதற்குப் பொருந்தும்படிதான் பதில் அமையும். 1899ஆம் ஆண்டு டெக்சஸ் சட்டம், விண்ணப்பிப்பவர் 1880 ஜனவரி 1க்கு முன்பே அந்த மாநிலத்துக்கு வந்திருக்க வேண்டும் என்றது. எனவே வந்த ஆண்டு 1879 என்று எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் 1880 கணக்கெடுப்பில் அந்தக் குடும்பம் எங்கே இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் சரிபார்ப்பது நம் கடமை.

கையெழுத்துப் போடும் இடத்தையும் பாருங்கள். எழுதத் தெரியாதவர் கீறல் போட்டிருப்பார், சுற்றிலும் அவர் பெயரை வேறொருவர் எழுதியிருப்பார். அப்படியானால் உள்ளே இருக்கும் சொற்கள் அவருடையவையா, எழுத்தருடையவையா என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

படி 4: சாட்சிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டு சாட்சிகளாவது வேண்டும் என்பது பொது விதி. கணவரோடு படையில் இருந்தவர் ஒருவர் கிடைத்தால் நல்லது. போர் முடிந்து நாற்பது ஆண்டு ஆன நிலையில், வேறு மாநிலத்தில் இருக்கும் பழைய தோழரைத் தேடிக் கடிதம் போட்டு, அவர் தன் ஊர் அதிகாரி முன் சத்தியம் செய்து அனுப்பும் தாளும் கோப்பில் சேர்ந்திருக்கும். திருமணத்துக்கும் சாட்சி தேவைப்படலாம். போரில் எத்தனையோ கவுண்டி நீதிமன்றங்கள் எரிந்து, திருமணப் பதிவேடுகளும் சாம்பலாகிவிட்டன. கல்யாணத்தை நேரில் பார்த்த ஓர் உறவுக்காரர் தரும் வாக்குமூலம்தான் அப்போது ஆதாரம்.

இந்தச் சாட்சிகளின் பெயர்களை வைத்து அந்தப் பெண்ணின் அக்கம்பக்கத்தையே மறுபடி வரைந்துவிடலாம். யார் அண்டை வீட்டார், யார் தம்பி, யார் கூடவே இடம்பெயர்ந்து வந்தவர் என்பதெல்லாம் இங்கிருந்து தெரியவரும்.

படி 5: மற்ற ஆவணங்களோடு ஒப்பிடுங்கள்

கணவர் உண்மையில் படையில் இருந்தாரா என்று மாநில அதிகாரிகள் கேட்டது யாரிடம் தெரியுமா? வாஷிங்டனில் இருந்த போர்த் துறையிடம். தோற்ற படையின் பதிவேடுகள் வென்றவர்கள் கையில் சிக்கியிருந்தன. அங்கிருந்து வந்த பதில் கடிதம் பல கோப்புகளில் இணைக்கப்பட்டிருக்கும். அவர் எப்போது சேர்ந்தார், எங்கே பிடிபட்டார், எப்போது விடுவிக்கப்பட்டார் என்று அதில் இருக்கும். சிலவற்றில் பெயரே காணப்படவில்லை என்ற பதில் வந்திருக்கும். அதனால் விதவை பொய் சொன்னார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதிவேடுகள் முழுமையானவை அல்ல. அந்தப் பணிப் பதிவேடுகள் இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஃபோல்ட்3 தளத்தில் தேடலாம்.

கணக்கெடுப்பில் இரண்டு ஆண்டுகள் மிகவும் உதவும். 1900இல் மணமான பெண்களிடம் எத்தனை வருஷ மணவாழ்க்கை என்றும், பெண்களிடம் எத்தனை பிள்ளை பெற்றார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். 1910இல் உள்நாட்டுப் போர் வீரர்களின் பெயருக்கு எதிரே அடையாளம் இட்டார்கள், கான்ஃபெடரேட் தரைப்படை என்றால் சி.ஏ. என்று. 1890 கணக்கெடுப்பைத் தேடி நேரம் செலவிட வேண்டாம். அதன் பெரும்பகுதி 1921 தீ விபத்துக்குப் பிறகு நமக்கு இல்லாமல் போய்விட்டது.

படி 6: முடிவையும் அதன் காரணத்தையும் பாருங்கள்

கோப்பின் மேலுறையில் ஏற்கப்பட்டது அல்லது நிராகரிக்கப்பட்டது என்று முத்திரை இருக்கும். மறுமணம், சொத்து வரம்பு, படையை விட்டு ஓடியவர் என்ற புகார், குறித்த தேதிக்குப் பிறகு நடந்த திருமணம் ஆகியவை வழக்கமான காரணங்கள். இந்தத் திருமணத் தேதி வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு, சட்டத் திருத்தங்களில் நகர்ந்துகொண்டும் இருந்தது. வயதான வீரர்களை இளம்பெண்கள் மணந்ததும் இதற்குப் பின்னால் இருக்கிறது. அலபாமாவின் ஆல்பர்ட்டா மார்ட்டின் 1927இல் தன் 21ஆம் வயதில் 81 வயது முன்னாள் வீரரை மணந்தார். 1996இல் மாநிலம் அவருக்கு விதவைப் பென்ஷன் வழங்கியது, 2004இல் இறந்தார். எனவே எந்த ஆண்டுச் சட்டப்படி படிவம் அச்சிடப்பட்டது என்று முதல் பக்கத்தில் பார்த்து, அந்தச் சட்டத்தின் நிபந்தனைகளோடு சேர்த்தே முடிவைப் படியுங்கள். 1958இல் அமெரிக்க நாடாளுமன்றம் மிச்சமிருந்த கான்ஃபெடரேட் விதவைகளுக்கும் மத்திய அரசுப் பென்ஷனைத் திறந்துவிட்டது. போர் முடிந்து 93 ஆண்டுகள்.

படி 7: கோப்பில் இல்லாதவர்களையும் தேடுங்கள்

இதை நான் விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற படியாகச் சொல்லவில்லை. இந்தப் போர் அடிமைப்பட்ட மக்களின் உழைப்பைக் கையில் வைத்திருப்பதற்காக நடந்தது. விதவையின் வறுமை உண்மை, அதற்காக நாம் இரங்கலாம். ஆனால் அவரைவிட அதிகம் இழந்தவர்களுக்குப் பென்ஷன் படிவமே அச்சிடப்படவில்லை. நாஷ்வில் நகரைச் சேர்ந்த கேலி ஹவுஸ் அடிமையாகப் பிறந்தவர், அவரும் ஒரு விதவைதான். சலவைத் தொழில் செய்தபடி, விடுதலை பெற்றவர்களுக்குப் பென்ஷன் கேட்டுப் பெரிய இயக்கத்தைக் கட்டினார். அரசு அவர்மேல் தபால் மோசடி வழக்குப் போட்டு 1917இல் சிறைக்கு அனுப்பியது. மிசிசிப்பி போன்ற சில மாநிலங்கள், படையில் எசமானர்களுக்குப் பணிவிடை செய்த கறுப்பின ஆண்களுக்கு மட்டும் பென்ஷன் தந்தன.

செய்ய வேண்டியது இதுதான்: கணவரின் குடும்பப் பெயரை 1860ஆம் ஆண்டு அடிமைகள் பட்டியலில் தேடுங்கள். உடைமையாளரின் பெயர் இருக்கும், அவருக்குக் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக இருக்கும். அங்கே பதிவு இல்லையென்றால் அதையும் உங்கள் குறிப்பில் எழுதுங்கள்.

படி 8: குறிப்பை ஒழுங்காக வையுங்கள்

மாநிலம், கவுண்டி, விண்ணப்ப எண், விதவையின் பெயர் எழுதப்பட்ட விதம், கணவரின் பென்ஷன் எண், ரெஜிமென்ட், படிவத்தின் சட்ட ஆண்டு, முடிவு, சாட்சிகளின் பெயர்கள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தாளில் இருப்பதை ஒரு நிறத்திலும், நீங்கள் ஊகிப்பதை வேறு நிறத்திலும் எழுதினால் பின்னால் குழப்பம் வராது. படங்கள் இணையத்தில் இல்லாவிட்டால் இந்த எண்ணைச் சொல்லிக் காப்பகத்துக்கு எழுதிப் பிரதி கேளுங்கள். முதல் பக்கத்தை மட்டும் கேட்காமல் முழுக் கோப்பும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள், சாட்சிக் கடிதங்கள் பின்பக்கங்களில்தான் இருக்கும்.