ஹரிக்கேன் வருமுன் தொட்டியைக் கவனியுங்கள்

கரீபியன் நாடான கிரெனடாவைச் சேர்ந்த எங்கள் கேரியகூ தீவில் ஆறு கிடையாது. கூரையில் விழும் மழைதான் தொட்டிக்குப் போய்க் குடிநீராகிறது. அதனால் ஹரிக்கேன் எனும் கடும் புயலுக்கான எச்சரிக்கை வந்ததும் கடைக்கு ஓடும் கூட்டத்தில் நான் சேர்வதில்லை. முதலில் ஏணியை எடுப்பேன்.

கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாயைக் கழற்றுங்கள். அந்தத் துவாரத்தை அடைத்து, மூடியை இறுகக் கட்டுங்கள். காற்று கடல் உப்பையும் இலைதழையையும் கூரை முழுக்க அப்பிவிடும்; குழாய் மாட்டியிருந்தால் அத்தனையும் தொட்டிக்குள்தான். புயல் ஓய்ந்தவுடன் திரும்ப மாட்டவும் அவசரப்படாதீர்கள். ஒரு நல்ல மழை கூரையைக் கழுவட்டும்.

தண்ணீரில் சந்தேகமா? கொதிக்க வையுங்கள். அடுப்புக்கு வழியில்லையென்றால், தெளிந்த தண்ணீரில் லிட்டருக்கு 2 சொட்டு வாசனையில்லாத ப்ளீச் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்) விட்டு, 30 நிமிடம் கழித்துக் குடிக்கலாம்.

ஜன்னல்களுக்கு ப்ளைவுட் அடியுங்கள். எந்தப் பலகை எந்த ஜன்னலுக்கு என்று மார்க்கரில் எழுதி வைத்தால் அடுத்த முறை பாதி வேலை மிச்சம். கண்ணாடியில் டேப் ஒட்டுவது சுத்த வீண்.

2024 ஜூலை 1 அன்று பெரில் என்ற ஹரிக்கேன், ஐந்து வகைகளில் நான்காம் வகைப் புயலாக, மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு இங்கே கரையேறியது. அப்படிப்பட்ட புயலில் காற்று திடீரென நின்றாலும் கதவைத் திறக்காதீர்கள். அது புயலின் கண். அடுத்த அடி எதிர்த்திசையிலிருந்து வரும்.

பிறகு வெளியே போகும்போது செருப்பு வேண்டாம், பூட்ஸ்தான். எங்கு பார்த்தாலும் ஆணியோடு தகரம் கிடக்கும். ஜெனரேட்டரை வராந்தாவில்கூட ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.