குற்றவாளி தொட்டி அல்ல

மணக்குடிக் காயலுக்கு அருகில் கொடுவா மீன் குஞ்சு வளர்க்கிறேன். அடுத்தடுத்து இரண்டு முறை, ஆர்டீமியா (முட்டையிலிருந்து பொரித்து உயிர் இரையாகப் போடும் நுண்ணிய உப்புநீர் இறால்) கொடுக்கத் தொடங்கிய 3-ம் நாளே குஞ்சுகள் சோர்ந்து அடியில் படிந்தன. தொட்டியைத்தான் சந்தேகப்பட்டேன், தேய்த்துத் தேய்த்துக் கை புண்ணானதுதான் மிச்சம். ஆர்டீமியா பொரித்த தண்ணீரை பாக்டீரியாவை வளர்த்துக் காட்டும் டி.சி.பி.எஸ். தட்டில் தடவி வைத்தேன். மறுநாள் தட்டு முழுக்க மஞ்சள் புள்ளிகள். விப்ரியோ, மீன் குஞ்சுகளுக்கு நோய் தரும் பாக்டீரியா! ஆர்டீமியா முட்டை பொரியும்போது வெளிவரும் கிளிசரால் அதற்கு விருந்து.

இப்போது முட்டைகளை 1 மணி நேரம் நன்னீரில் ஊறவைத்து, ஹைப்போகுளோரைட் (குளோரின் பிளீச்) கரைசலில் கிருமி ஒட்டிய மேலோட்டைக் கரைக்கிறேன். கரைசல் சூடேறும், 40 டிகிரியைத் தாண்டினால் கரு செத்துவிடும். பக்கத்தில் ஐஸ் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. பழுப்பு நிறம் ஆரஞ்சானதும் வடித்து, குளோரின் வாடை போகும்வரை கழுவி, மிச்சக் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் கரைசலில் முக்கி எடுக்கிறேன்.

பொரித்த தண்ணீர் ஒரு சொட்டுகூடக் குஞ்சுத் தொட்டிக்குள் போவதில்லை. ஆர்டீமியாவை வலையில் பிடித்து, குளோரின் இல்லாத நன்னீரில் நன்றாக அலசிய பிறகே இரையாகப் போடுகிறேன். என் தம்பிக்கு இது வீண் வேலை. தட்டில் இன்னும் சில மஞ்சள் புள்ளிகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் இப்போது அவற்றை எண்ண முடிகிறது.