மாலத்தீவு அரசியலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் அதிபர் தேர்தல் முடிந்தால், வென்றவர் இந்தியாவின் பக்கமா, சீனாவின் பக்கமா என்பதே நம் ஊடகங்களின் முதல் கேள்வியாக இருக்கிறது. சுமார் 5 லட்சம் மக்கள் வாழும் ஒரு நாட்டின் அரசியலை இந்த ஒரே கேள்விக்குள் அடைப்பதுதான் அடிப்படைத் தவறு. மற்ற தவறுகளும் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

2023 தேர்தலையே எடுத்துக்கொள்வோம். ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கமே முகமது முய்சுவை அதிபராக்கியது என்று இங்கே பலரும் எழுதினார்கள். முழக்கத்துக்குப் பங்கு இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் முன்னாள் அதிபர் முகமது நஷீதுக்கும் அவருடைய பால்ய நண்பரான அதிபர் இப்ராஹிம் சோலிஹுக்கும் இடையே மூண்ட பூசலில் ஆளுங்கட்சி அதற்கு முன்பே உடைந்திருந்தது. நஷீத் தரப்பு வேட்பாளர் முதல் சுற்றில் ஏறத்தாழ 7 விழுக்காடு வாக்குகளைப் பிரித்தார். 2008இல் பல கட்சித் தேர்தல் வந்ததிலிருந்து, பதவியில் இருந்துகொண்டே போட்டியிட்ட எந்த அதிபரும் மீண்டும் வென்றதில்லை என்பதையும் கணக்கில் எடுத்தால், சோலிஹின் தோல்வியை டெல்லியின் தோல்வியாக வாசிப்பது எவ்வளவு அவசரமானது என்பது புரியும்.

காலவரிசையைக் குழப்புவதும் வழக்கமாகிவிட்டது. மாலே விமான நிலையத்தை நடத்திவந்த இந்திய நிறுவனமான ஜிஎம்ஆரின் ஒப்பந்தம் சீனாவுக்காக முன்னாள் அதிபர் அப்துல்லா யாமீன் ஆட்சியில் ரத்தானது என்று இன்றும் சொல்கிறார்கள். அது ரத்தானது 2012இல், முகமது வஹீத் அதிபராக இருந்தபோது. யாமீன் பதவியேற்றதே 2013இல்தான். விரிவாக்கப் பணி பிற்பாடு சீன நிறுவனத்துக்குப் போனது உண்மை என்றாலும், பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாக்க முடியாது.

பிரசார மேடையில் பேசியதையே அரசின் கொள்கையாகக் கொள்வது இன்னொரு பிழை. முய்சு வாக்குறுதி அளித்தபடியே, இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கிவந்த ஏறத்தாழ 80 இந்தியப் படையினர் 2024 மே மாதத்துக்குள் வெளியேறினார்கள். விமானங்கள் மட்டும் அங்கேயே இருந்தன. அவற்றை இயக்க இந்தியாவிலிருந்தே சீருடை இல்லாத தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள். தொலைதூரத் தீவில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் மாலேக்குத் தூக்கிச் செல்ல ஏதாவது பறந்தாக வேண்டுமே. அதே ஆண்டு அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றியபோது, அக்டோபரில் டெல்லி வந்த முய்சு 40 கோடி டாலருக்கும் 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டைப் பெற்றார். இதைப் ‘பல்டி’ என்று எழுதியவர்கள், 2025 ஜனவரியில் சீனாவுடனான தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததைக் கவனிக்கவில்லை போலும்.

‘இந்தியா கொடுத்தது’, ‘சீனா கொடுத்தது’ என்று எல்லாப் பணத்தையும் ஒரே வினைச்சொல்லில் எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். மாலேயைத் திலாஃபுஷி தீவுடன் இணைக்கும் பாலத்துக்கு இந்தியா அறிவித்த 50 கோடி டாலரில் 10 கோடிதான் மானியம், மீதி 40 கோடி கடன். நாணயப் பரிமாற்றம் என்பதும் திருப்பித் தர வேண்டிய கைமாற்றுதான்.

சமூக ஊடகச் சண்டையை வைத்து உறவின் சூட்டை அளப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரியில் மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் இந்தியப் பிரதமரை இழித்து எழுதி இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இங்கே மாலத்தீவுச் சுற்றுலாவைப் புறக்கணிக்கச் சொல்லிக் கூச்சல் எழுந்தது. அந்த ஏப்ரலில், அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கோடு 42.75 கோடி முட்டைகளையும், கட்டுமானத்துக்காக ஆற்று மணல், கருங்கல் ஜல்லி ஆகியவற்றைத் தலா 10 லட்சம் டன்னும் மாலத்தீவுக்கு அனுப்ப இந்தியா அனுமதித்தது. மாலத்தீவுக்கு இப்படிப் பொருட்களை அனுமதிக்கும் ஏற்பாடு 1981இல் தொடங்கியதிலிருந்து அனுமதிக்கப்பட்ட அளவுகளில் அதுவே மிக அதிகம்.