புது டீச்சருக்கு முதல் மாதம்: 45 பிள்ளைகள் உள்ள வகுப்பைக் கையாள்வது எப்படி?

வேலூர் மாநகருக்குள் 6, 7, 8ஆம் வகுப்பு எடுக்கப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளி சத்துவாச்சாரியில் இருந்தாலும் சைதாப்பேட்டையில் இருந்தாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி இந்த வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். உள்ளே நுழைந்தால் 45 தலை தெரியும். தமிழ், உருது, தெலுங்கு என்று வீட்டில் மூன்று மொழி பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி ஆற்காடு ரோட்டை ஒட்டி இருந்தால் பஸ் ஹாரனும் சேர்ந்துகொள்ளும்.

பி.எட். படிக்கும்போது 20 வாரம் பள்ளிப் பயிற்சிக்குப் போயிருப்பீர்கள். அப்போது பிள்ளைகள் அடங்கித்தானே இருந்தார்கள் என்று தோன்றும். அந்த அமைதி, பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த வகுப்பாசிரியருக்குக் கிடைத்தது. உங்களுக்கு உரியதை நீங்கள்தான் சம்பாதிக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? சத்தம் எப்போது கிளம்புகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பாடம் சூடாக ஓடும்போது கிளம்பாது. பெல் அடித்து நீங்கள் வரும் வரை, நோட்டு வாங்கும்போது, போர்டில் முதுகைக் காட்டி எழுதும்போது, ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் வரை, இந்த இடைவெளிகளில்தான் கிளம்பும். ஜேக்கப் கவுனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970ல் முடிவுகளை வெளியிட்டார். தப்பு நடந்த பிறகு எப்படிக் கண்டிக்கிறார்கள் என்பதில், வகுப்பை நன்றாக நடத்தும் ஆசிரியருக்கும் திணறும் ஆசிரியருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார். வேறுபாடெல்லாம் தப்பு நடக்கும் முன்பே இருந்தது. மூலை முடுக்கெல்லாம் கண் வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கல் இல்லாமல் போவது, இப்படி. கீழே உள்ள படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

படி 1: காலி வகுப்பில் நடந்து பாருங்கள்

முதல் நாளுக்கு முன்பே, யாரும் இல்லாத நேரத்தில் போங்கள். கடைசி பெஞ்சு வரை நடக்க வழி இருக்கிறதா? இல்லையென்றால் பெஞ்சுகளை நகர்த்தி ஒரு பாதையாவது உண்டாக்குங்கள். நீங்கள் போக முடியாத மூலை உங்கள் கையில் இல்லாத மூலை. 2025 ஜூலையில் பெஞ்சுகளை ‘ப’ வடிவில் போடச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்து, விமர்சனம் கிளம்பியதும் நிறுத்தி வைக்கப்பட்டது நினைவிருக்கும். நீள பெஞ்சும் 45 பிள்ளைகளும் உள்ள அறையில் அதெல்லாம் நடக்கிற காரியமில்லை. நடக்கப் பாதை கிடைத்தால் போதும்.

அப்புறம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கூசுகிற பக்கம் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பேசுவது எழுத்து தெரியாததால்கூட இருக்கலாம்.

படி 2: பெயர்

ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டம் போட்டு, யார் எங்கே என்று எழுதி மேசையில் ஒட்டுங்கள். முதல் வாரத்துக்குள் எல்லாப் பெயரும் வாயில் வர வேண்டும். "ஏய், நீலப் பை" என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்புவார்கள், ஒருவரும் அடங்க மாட்டார்கள். பெயரைச் சரியாக உச்சரிக்கிறீர்களா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: இரண்டே பழக்கங்கள்

பத்து விதி எழுதிச் சார்ட் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யாரும் படிப்பதில்லை. முதல் வாரம் இரண்டே பழக்கம் போதும்.

ஒன்று, பெல் அடித்ததும் போர்டில் இருக்கும் வேலையைச் செய்வது. உள்ளே போனதும் ஒரு கணக்கோ, நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்வியோ எழுதிவிடுங்கள். ரஃப் நோட்டில் செய்யட்டும். அட்டெண்டன்ஸ் எடுக்கும் நேரம் அதிலேயே போய்விடும்.

இரண்டு, நோட்டு கொடுப்பதும் வாங்குவதும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 45 பிள்ளைகளும் எழுந்து மேசைக்கு வந்தால் தள்ளுமுள்ளு, "மிஸ், இவன் மிதிச்சுட்டான்", அட்டை கிழிந்த நோட்டு, ஒரு அழுகை, பத்து நிமிடம் காலி. அதற்குப் பதிலாக: கடைசி பெஞ்சுக்காரர்கள் திறந்த பக்கத்தோடு நோட்டை முன்னால் கொடுப்பார்கள். அடுத்த பெஞ்சு தங்கள் நோட்டை அதன்மேல் வைத்து முன்னால் அனுப்பும். முதல் பெஞ்சில் வரிசைக்கு ஒருவர் அடுக்கி வைத்திருப்பார், நீங்கள் போய் எடுத்துக்கொள்வீர்கள். யாரும் எழுந்திருக்கத் தேவையில்லை. இதைச் சொன்னால் மட்டும் வராது. முதல் நாளே வெறும் நோட்டை வைத்து இரண்டு முறை செய்து பார்க்க வையுங்கள். "போன தடவை 3 நிமிஷம், இப்ப 2 நிமிஷம்" என்று கடிகாரம் பார்த்துச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ஒரு போட்டியாகிவிடும்.

படி 4: குரலைச் சேமியுங்கள்

டஸ்டரை மேசையில் தட்டுவது முதல் வாரம் வேலை செய்யும், அதன் பிறகு அதுவும் சத்தத்தோடு சத்தம். கை உயர்த்துதல், மூன்று தட்டுக்குப் பிள்ளைகள் இரண்டு தட்டு திருப்பித் தட்டுதல், ஏதாவது ஒரு சைகையை வைத்துக்கொள்ளுங்கள். சைகை காட்டியபின் முழு அமைதி வரும் வரை வாயைத் திறக்கக் கூடாது. பாதி அமைதியில் பேச ஆரம்பித்தால், பாதி அமைதி போதும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

கேள்வி கேட்ட பிறகும் 3 விநாடியாவது காத்திருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு விநாடிதான் விடுகிறார்கள் என்பது பழைய ஆய்வு முடிவு. அந்த ஒரு விநாடியில் பதில் சொல்வது எப்போதும் அதே நான்கு பேர். மற்றவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள்.

படி 5: தப்பு நடக்கும்போது

மூன்றாவது பெஞ்சில் ஒருவன் ஸ்கேலை டெஸ்க்கில் தட்டுகிறான். பாடத்தை நிறுத்தாதீர்கள். பேசிக்கொண்டே அந்தப் பக்கம் நடங்கள். பக்கத்தில் நின்று, ஸ்கேல் மேல் ஒரு விரல் வைத்து, வாக்கியத்தை முடித்துவிட்டு நகருங்கள். அவன் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முடியவில்லையா, குனிந்து அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒரு வரி சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இன்டர்வெல்லில் தனியாகப் பேசுங்கள். 44 பேர் பார்க்க ஒரு பையனைத் திட்டினால் அவனுக்குப் பின்வாங்க வழியே இல்லை.

தனியாகப் பேசும்போது "ஏன் இப்படிச் செஞ்ச?" என்று கேட்டால் "ஒன்னும் இல்ல மிஸ்" என்றுதான் வரும். "காலையில எத்தனை மணிக்கு எழுந்த?" என்று கேளுங்கள். நேதாஜி மார்க்கெட்டில் அப்பாவோடு மூட்டை இறக்கிவிட்டு வருகிற பிள்ளையும், அம்மா பீடி சுற்ற ராத்திரி கூட உட்கார்ந்து நூல் கட்டுகிற பிள்ளையும் நம் வகுப்புகளில் உண்டு. தூங்கி வழிவதற்கும் எரிந்து விழுவதற்கும் அங்கே காரணம் கிடைக்கும். பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ம் இருக்கிறது.

அடிப்பது பற்றி: 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பது எல்லாம் இதில் சேரும். ஸ்டாஃப் ரூமில் "ரெண்டு போட்டாத்தான் அடங்குவானுங்க" என்று யாராவது சொல்வார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடச் சொல்வேன். லீடரை நிறுத்தி, பேசுபவர்கள் பெயரைப் போர்டில் எழுத வைப்பது. லீடரின் நண்பன் பெயர் ஒருநாளும் வராது, பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் திரும்பி வரும்போது புதிதாக ஒரு சண்டை காத்திருக்கும். லீடருக்கு வேறு வேலை கொடுங்கள்.

படி 6: மதியம் முதல் பீரியட்

வேலூர் வெயிலுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2023லும் 2024லும் வெயிலால் பள்ளித் திறப்பையே தள்ளி வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு, ஓடி விளையாடிவிட்டு, வேர்வையோடு வந்து உட்காரும் பிள்ளைகளிடம் நீங்கள் மட்டும் 40 நிமிடம் பேசினால் தூக்கம் ஒரு பக்கம், அடிதடி ஒரு பக்கம். முதலில் எல்லோரும் தண்ணீர் குடிக்கட்டும். அப்புறம் 5 நிமிடம் எழுத்து வேலை. பிறகு பத்துப் பத்து நிமிடமாக வேலையை மாற்றிக்கொண்டே போங்கள்.

படி 7: வீட்டுக்கு முதல் போன்

புகாருக்கு முன்னால் நல்ல செய்தி ஒன்று போக வேண்டும். பள்ளியிலிருந்து போன் என்றாலே அம்மாக்கள் பதறுவார்கள். "இன்னா மிஸ், இன்னா பண்ணான்?" என்பார்கள். "ஒன்னும் பண்ணலைங்க, இன்னைக்குக் கணக்கை அவனே போர்டுல போட்டான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று முடித்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை 7 மணிக்கு மேல் கூப்பிடுவது நல்லது. வாரத்துக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால் அரையாண்டுக்குள் வகுப்பே முடிந்துவிடும்.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் எல்லாம் கலைந்து கிடக்கும். படி 3க்குத் திரும்பி, நோட்டு கொடுப்பதை மறுபடி செய்ய வையுங்கள். இந்த முறை இரண்டு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும்.