நோன்பில் மாத்திரை நேரத்தை நீங்களே மாற்றாதீர்கள்

ரமலான் நோன்பு உடம்புக்கு நல்லது என்று கேட்டுக் கேட்டு, பிரஷரும் சுகரும் இருப்பவர்கள்கூட டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நோன்பு வைத்துவிடுகிறார்கள். நோன்பு நல்லதுதான், மறுப்பதற்கில்லை. 2021இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், ரமலானில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 7 புள்ளியும் கீழ் அளவு 3 புள்ளியும் இறங்கியிருந்தன. ஆனால் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த எபிடியார் ஆய்வு வேறொன்றையும் காட்டியது. டைப் 2 நோயாளிகளுக்கு சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்குவது ரமலானில் 7.5 மடங்கு கூடியிருந்தது.

பெரும்பாலான கோளாறு மாத்திரையில்தான். காலை மாத்திரையை அப்படியே சஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்திய சாப்பாட்டு நேரத்துக்கு, தள்ளிவிடுவார்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரைகள், வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். முழு டோஸையும் சஹரில் போட்டால் பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்குள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். வீட்டில் உள்ளவர்கள் நோன்பு அசதி என்று படுக்கச் சொல்வார்கள்! மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் குறைவு.

சிறுநீர் பிரியத் தரும் மாத்திரையை சஹரில் போட்டால் பகலெல்லாம் நீர் வற்றி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையும் நீரை வெளியேற்றுவதுதான். அதைப் பொதுவாக நோன்பு திறந்த பிறகு எடுக்கச் சொல்வார்கள். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் டிகாக்ரெலார் மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. ஒரு வேளையை விட்டால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறையலாம். இதையெல்லாம் ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். பிறை பார்த்த இரவில் பேசி என்ன பயன்?

விரலில் குத்தி சுகர் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பலர் பார்ப்பதே இல்லை. முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. அளவு 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, நோன்பை அப்போதே விட்டுவிட வேண்டும். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு அரை மணி நேரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு.

சாப்பாட்டுத் தவறுகள் எல்லோரும் அறிந்தவை: சஹரை விடுவது, இஃப்தாரில் இனிப்புப் பானமும் பொரித்ததுமாக நிரப்புவது. எடை குறையும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். குறைவது ஏறக்குறைய ஒரு கிலோ. அதுவும் சில வாரங்களில் திரும்பிவிடும்.

மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவர், இதயச் செயலிழப்பு கட்டுக்குள் வராதவர் நோன்பு வைக்கவே கூடாது. குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குச் சலுகை தருகின்றன. குணமானபின் களா செய்யலாம், அதாவது விட்ட நோன்பை வைத்துவிடலாம். தீராத நோயென்றால், விட்ட நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா இருக்கிறது. குற்ற உணர்வோடு ஒளித்து நோன்பு வைப்பவர்களைப் பார்க்கும்போது, இதை வீட்டுப் பெரியவர்களே எடுத்துச் சொன்னால் என்ன என்று தோன்றும்.

இன்னொரு தவறும் பலர் மறந்துபோய்ச் செய்வது. ரமலானுக்காகக் குறைத்த டோஸிலேயே பெருநாளுக்குப் பிறகும் ஓட்டுவது. சாப்பாடு மூன்று வேளைக்குத் திரும்பும், மாத்திரை திரும்பாது. சுகர் ஏறத் தொடங்கும். பழைய டோஸுக்கு எந்த நாளில் திரும்ப வேண்டும், ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் வைக்கும் ஆறு நோன்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.