‘ஷை’ = ‘டிமிட்’ = ‘கொய்’ என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

சாயங்கால ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறவர்களின் நோட்டை அவ்வப்போது வாங்கிப் புரட்டுவேன். வருஷம் மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது, தப்பு மட்டும் மாறுவதில்லை. அதில் பாதி என் கல்லூரி நோட்டிலும் இருந்ததுதான். எழுத்துப்பிழை, ‘ஹீ’க்குப் பிறகு ‘ஆர்’ போடுவது மாதிரியானவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை பேசப் பேசச் சரியாகிவிடும். ஆளின் சுபாவத்தைச் சொல்லும் சொற்களில் வரும் தப்பு அப்படிப் போகாது. இலக்கணம் தப்பினால் கேட்பவர் மனசுக்குள் திருத்திக்கொள்வார். சுபாவச் சொல் தப்பினால் நம்மையே வேறு ஆளாக நினைத்துக்கொள்வார். அப்படி நினைத்ததை நம்மிடம் சொல்லவும் மாட்டார்.

சமக்குறி போட்டு மனப்பாடம் செய்வது

பத்து நோட்டை எடுத்தால் எட்டில் இந்த வரி இருக்கும்: ஷை = டிமிட் = பேஷ்ஃபுல் = கொய் = டிஃபிடென்ட் = ரிசர்வ்டு = அலூஃப் = கூச்ச சுபாவம்.

இது போட்டித் தேர்வு கைடு கற்றுக்கொடுத்த பழக்கம். அங்கே நான்கு விடை கொடுத்து, ‘கிட்டத்தட்ட’ அதே பொருள் தருவது எது என்று கேட்பார்கள். அதற்கு இந்தச் சமக்குறி போதும். தேர்வு முடிந்ததும் அந்தக் ‘கிட்டத்தட்ட’ மறந்துபோகிறது, சமக்குறி மட்டும் தலையில் தங்கிவிடுகிறது. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன். வேலை சுத்தமாகத் தெரிந்தவன், புது ஆட்களிடம் மட்டும் கொஞ்சம் தயங்குவான். இன்டர்வியூவில் ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘ஐ ஆம் ஷை’ என்று சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை. அது சின்னப்பிள்ளைச் சொல்லாகப் பட்டதாம். பட்டியலில் கனமாகத் தெரிந்த ‘டிஃபிடென்ட்’டை எடுத்துவிட்டான். எதிரே இருந்தவர், ‘டிஃபிடென்ட் அபவுட் வாட்?’ என்று கேட்க, இவன் பணிவாக, ‘எவ்ரிதிங், சார்’ என்றிருக்கிறான்.

‘டிஃபிடென்ட்’ என்றால் தன் திறமைமேல் தனக்கே நம்பிக்கை இல்லாதவர். ‘கான்ஃபிடென்ட்’டுக்கு நேர் எதிர்; இரண்டும் ‘நம்பு’ என்ற ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. ஆக அவன் சொன்னது, ‘எந்த வேலையும் எனக்கு வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை, சார்’ என்பது. வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு சொல்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மெஷின் முன்னால் நிற்கப்போகிற ஆள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொல்லா அது?

இன்னொன்று இதைவிட மோசம். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு, அவளுடைய பேராசிரியர் ஒருவர் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அடக்கமான பெண் என்று சொல்ல நினைத்து ‘ஷீ இஸ் எ கொய் கேர்ள்’ என்று எழுதியிருந்தார். ‘கொய்’ என்பது பாவனை வெட்கம். எல்லாம் தெரிந்துகொண்டு, எதிராளியின் கவனத்தை இழுப்பதற்காக நாணிக் கோணுவது. கூட்டணி பற்றிக் கேட்டால் சிரித்து நழுவுகிற அரசியல்வாதியையும் இங்கிலீஷ் பத்திரிகைகள் ‘கொய்’ என்றுதான் எழுதும். ஒரு மாணவியைப் பற்றி ஆசிரியர் எழுதக்கூடிய சொல்லே இல்லை. நல்லவேளை, அந்தப் பெண் அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினாள். போய்த் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கவும் அவளுக்குக் கூச்சம். அது உண்மையான ‘ஷை’.

சரி, இவற்றை எப்படிப் பிரித்து வைத்துக்கொள்வது? நான் வகுப்பில் கேட்கச் சொல்வது இதுதான்: அவரால் முடியவில்லையா, அவருக்கு விருப்பமில்லையா, அல்லது நடிக்கிறாரா? நடிப்பு என்றால் ‘கொய்’. முடியவில்லை என்றால் ‘ஷை’யும் அதன் பக்கத்து வீட்டுக்காரர்களும். அதில் ‘ஷை’ பொதுச்சொல். யாரைப் பற்றியும் சொல்லலாம், யாரையும் புண்படுத்தாது. ‘பேஷ்ஃபுல்’ பெரும்பாலும் குழந்தைக்கு. போட்டோ எடுக்கிறேன் என்றதும் அம்மா சேலைக்குப் பின்னால் போய், ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டுமே, அது. நாற்பது வயது அக்கவுன்டன்ட் தன்னை ‘பேஷ்ஃபுல்’ என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். ‘டிமிட்’டில் கூச்சத்தைவிடப் பயம்தான் அதிகம், தைரியக் குறைவு. ஆளை மட்டுமல்ல, துணிந்து எடுக்காத ஒரு முடிவையும் ‘டிமிட்’ என்பார்கள். உச்சரிப்பும் ‘டிமிட்’தான், ‘டைமிட்’ அல்ல.

விருப்பமில்லை என்ற பக்கம் வந்தால் ‘ரிசர்வ்டு’. இவருக்குப் பேச வரும், பயமும் கிடையாது. மனசில் இருப்பதை எல்லார் முன்னாலும் கொட்ட மாட்டார், அவ்வளவுதான். அதில் ஒரு மரியாதைகூட இருக்கிறது. ‘ரெட்டிசென்ட்’ பேச்சை மட்டும் குறிப்பது. சம்பளம், குடும்பம் என்று ஏதோ ஒன்றைப் பற்றி வாய் திறக்காதவர். பின்னால் ‘அபவுட்’ வரும். ‘அலூஃப்’ என்பது வெளியே நின்று பார்க்கிறவர் சொல்லும் குறை: யாரோடும் ஒட்டாமல், நம்மையெல்லாம் ஒரு பொருட்டாக மதிக்காததுபோல் இருப்பவர். தன்னைப் பற்றித் தானே ‘ஐ ஆம் அலூஃப்’ என்று ரெஸ்யூமேயில் எழுதிய புண்ணியவானும் என் வகுப்பில் இருந்தார்.

‘வித்ட்ரான்’ இவை எதிலும் சேராது. நேற்றுவரை கலகலவென்று இருந்த பிள்ளை இப்போது ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது என்றால் வருகிற சொல். டீச்சர் உங்கள் குழந்தையைப் பற்றி ‘ஷை’ என்றால் சிரித்துவிட்டு வரலாம். ‘வித்ட்ரான்’ என்றால் உட்கார்ந்து என்ன ஏது என்று கேளுங்கள்.

நோட்டில் சமக்குறியை அடித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். யார், யாரைப் பற்றி, எந்த இடத்தில் சொல்கிறார் என்பது அதில் தெரிய வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டிலும் மாணவர்களுக்கென்றே உள்ள அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் சில சொற்களுக்குப் பக்கத்தில் ‘அப்ரூவிங்’, ‘டிஸ்அப்ரூவிங்’ என்று குறித்திருப்பார்கள்: அது பாராட்டா, குறையா என்று. அர்த்தத்தைப் படிப்பதற்கு முன்னால் அந்தக் குறிப்பைப் பாருங்கள். இங்கிலீஷ்–தமிழ் பாக்கெட் அகராதியில் இது இருக்காது.

எல்லா வெட்கமும் ‘அஷேம்ட்’ அல்ல

‘எனக்கு இங்கிலீஷ் பேச வெட்கமா இருக்கு’ என்பதை ‘ஐ ஆம் அஷேம்ட் டு ஸ்பீக் இங்கிலீஷ்’ என்று மாற்றுகிறார்கள். கேட்பவருக்கு, இங்கிலீஷ் பேசுவதையே ஏதோ கேவலமான காரியமாக நீங்கள் நினைப்பதுபோல் படும். நடுவழியில் செருப்பு அறுந்து, ஊரே பார்க்க ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்தால் அது ‘எம்பாரஸ்டு’. செய்யக்கூடாததைச் செய்துவிட்டுத் தலைகுனிந்தால் ‘அஷேம்ட்’. புது ஆளைப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டால் ‘ஷை’. ஒரு பெண் தன் மேனேஜருக்கு, முதல் மீட்டிங்கை நடத்தக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஆம் அஷேம்ட் அபவுட் தி மீட்டிங்’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டாள். அவர் பதறிப்போய், ‘என்ன நடந்தது?’ என்று போன் செய்துவிட்டார்.

தமிழில் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். திருக்குறளில் நாணுடைமை என்ற 102ஆம் அதிகாரம் தொடங்குவதே இந்தப் பிரிவோடுதான். தகாத செயலுக்காக நாணுவது ஒன்று, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று முதல் குறளிலேயே வள்ளுவர் தனித்தனியாக வைத்துவிடுகிறார். பேச்சுத் தமிழில்தான் இரண்டையும் ‘வெட்கம்’ என்ற ஒரே பைக்குள் போட்டுவிட்டோம்.

பேச்சுக் கூச்சத்துக்கு ‘ஐ ஃபீல் ஷை அபவுட் ஸ்பீக்கிங் இங்கிலீஷ்’ என்பதே போதும். ஆட்களிடம் என்றால் ‘ஷை வித் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’. குற்ற உணர்வோடு வருவது ‘அஷேம்ட் ஆஃப்’. இந்தச் சின்னச் சொற்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

‘இன்ட்ரோவெர்ட்’ என்பது கூச்சத்துக்கு வைத்த ஃபேஷன் பெயர் அல்ல

இந்தச் சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். மனித வகைகளைப் பற்றிய அவருடைய நூல் 1921இல் ஜெர்மனில் வந்தது. ஒருவரின் கவனமும் உற்சாகமும் உள்நோக்கிப் போகிறதா, வெளிநோக்கிப் போகிறதா என்பதுதான் அவருடைய கணக்கு. பயம், கூச்சம் அதில் வரவே இல்லை. ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடித்துப் பொளந்து கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிற இன்ட்ரோவெர்ட்டும் உண்டு. நாலு பேரோடு சேர ஆசை ஆசையாக இருந்தும் வாசலிலேயே நின்றுவிடுகிற கூச்சக்கார எக்ஸ்ட்ரோவெர்ட்டும் உண்டு.

இலக்கணத்திலும் ஒரு சறுக்கல்: ‘ஐ ஆம் இன்ட்ரோவெர்ட்’ என்றால் வாக்கியம் நொண்டும். ‘ஆன் இன்ட்ரோவெர்ட்’ அல்லது ‘இன்ட்ரோவெர்டட்’. கோழை என்று பொருள்படும் ‘கவர்ட்’டுக்கும் இதே கதைதான், ‘எ’ வேண்டும்.

‘ஸ்டேஜ் ஃபியர்’

‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ என்று சொல்லுங்கள்.

தமிழ்ப் பேச்சை அப்படியே இங்கிலீஷில் இறக்குவது

தலைக்கனத்தை ‘ஹெட் வெயிட்’ என்பது நமக்குள் வேடிக்கைக்குச் சரி. வெளியாள் யாருக்கும் அது புரியாது. ‘அரகன்ட்’, கொஞ்சம் லேசாகச் சொல்ல ‘பிக்ஹெடட்’. ‘எல்லாரோடும் நல்லா பழகுவார்’ என்பதற்கு ‘ஹீ மூவ்ஸ் வெல் வித் எவ்ரிபடி’ என்கிறார்கள். கேட்பவர் டான்ஸ் ஆடுகிறார் போலிருக்கிறது என்று நினைப்பார். ‘கெட்ஸ் அலாங் வெல்’ என்பதுதான் அங்கே வழக்கு.

‘ஐ ஆம் வெரி அட்ஜஸ்டபிள்’ என்று சொல்லாதீர்கள். அட்ஜஸ்டபிள் என்பது நாற்காலி. ஆள் ‘அடாப்டபிள்’ அல்லது ‘ஈஸி-கோயிங்’. அமைதியான ஆள் ‘குவையட்’. ‘சைலன்ட்’ என்றால் அந்த நேரத்தில் வாயே திறக்கவில்லை என்று ஆகிவிடும். அப்பாவி என்ற பொருளில் ‘இன்னசன்ட்’ போடுகிறோம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவருக்கு ‘நயீவ்’தான் பொருந்தும், அதிலும் கொஞ்சம் குறை தொனிக்கும், ஜாக்கிரதை. ஒழுங்காக உழைக்கிறவர் நம் ஊரில் ‘சின்சியர்’. அங்கே அது மனசில் உள்ளதையே பேசுகிறவர். உழைப்பாளிக்கு ‘ஹார்ட்வொர்க்கிங்’, இன்னும் நுணுக்கமாக ‘கான்ஷியன்ஷஸ்’. இந்தக் கடைசிச் சொல் வாயில் நுழையச் சிரமம்தான். ஆனாலும் இன்டர்வியூவுக்குப் போகிறவர் பழகிவைத்துக்கொள்ள வேண்டியது.

‘ஹோம்லி’

அமெரிக்கர் ஒருவரிடம் யாரையும் இப்படி வர்ணிக்காதீர்கள். அங்கே அதற்கு ‘பார்க்கச் சுமார்’ என்று அர்த்தம்.

‘ஷை’ வரும் இடமெல்லாம் கூச்சம் என்று நினைப்பது

‘கேமரா-ஷை’ சரி, போட்டோ என்றால் நெளிகிறவர். ‘வொர்க்-ஷை’ என்றால் வேலைக்கு வெட்கப்படுகிறவர் அல்ல, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர். பிரிட்டிஷ் வழக்கு, வசவு. ‘ஷை அவே ஃப்ரம்’ என்றால் ஒரு காரியத்தைத் தொடாமல் நழுவுவது. ‘ஒன்ஸ் பிட்டன், ட்வைஸ் ஷை’க்கு நம்மிடம் சூடு கண்ட பூனை இருக்கிறது.

எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அது ‘குறைய’ என்று பொருள் தரும். கிரிக்கெட் கமென்டரியில் ‘டூ ரன்ஸ் ஷை ஆஃப் எ செஞ்சுரி’ என்று கேட்டுவிட்டு, ‘செஞ்சுரி அடிக்க அவர் ஏன் சார் கூச்சப்படணும்?’ என்று ஒருவன் என்னிடம் கேட்டான். கூச்சமெல்லாம் இல்லை. 98இல் அவுட்.