சிறிய அறக்கட்டளைக்கு வாட்ஸ்அப் போதும்: எங்கிருந்து தொடங்குவது?

ஊரில் சின்ன அமைப்பு ஒன்று தொடங்கினால் பெரும்பாலும் முதலில் லோகோ வரும். அப்புறம் ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், யூடியூப் சேனல். பதிவு போட ஆளில்லாமல் சில மாதங்களில் எல்லாம் தூங்கிவிடும். நான் சொல்லும் வரிசை வேறு. ஏற்கெனவே பணமோ நேரமோ கொடுத்தவர்களிடம் முதலில் பேசுங்கள், புதியவர்களை அப்புறம் தேடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் அறக்கட்டளை ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 1: தனி எண்

செயலாளரின் சொந்த எண்ணில் நடத்தினால், அவர் விலகும்போது தொடர்புகளும் அவரோடு போய்விடும். அமைப்புக்கென்று ஒரு சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள், இலவசம்தான். முகவரியையும் பதிவு எண்ணையும் சுயவிவரத்தில் எழுதுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கு வைக்கும் ஆறு இலக்க ரகசிய எண்ணைப் பொறுப்பாளர்கள் இருவர் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: குழு வேண்டாம், பிராட்காஸ்ட்

குழு என்றால் காலையில் பூப்படத்தோடு வணக்கம், மதியம் அரசியல், ராத்திரி சண்டை. நன்கொடையாளர்களின் எண்களும் எல்லார் கண்ணிலும் படும். பிராட்காஸ்ட் பட்டியலில் செய்தி தனித்தனியாகப் போகும், ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் ரசீது கொடுக்கும்போதே, “இந்த நம்பரை சேவ் பண்ணிக்குங்க, வகுப்புச் செய்தி அனுப்புறோம்” என்று கேட்டுவிடுங்கள். குழு தன்னார்வலர்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

படி 3: மாதம் இரண்டு செய்தி

இப்படி ஒன்று எழுதிப் பாருங்கள்:

“வணக்கம். பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் இந்த வாரம் தொடங்கிவிட்டது. 14 பேர் வருகிறார்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் கரும்பலகை வாங்கினோம், 1,850 ரூபாய். பில் கீழே இருக்கிறது.”

இதில் எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இப்படிக் கணக்குச் சொல்லும் செய்தி இரண்டு மூன்று போன பிறகு உதவி கேட்டால் யாருக்கும் சங்கடம் இருக்காது. கேட்கும் செய்தியில் தேதி, இடம், எதுவரை தேவை என்பதைக் கட்டாயம் போடுங்கள். ரத்தம் தேவை என்ற பழைய செய்தி மாதக்கணக்கில் சுற்றுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தேவை முடிந்ததும் “கிடைத்துவிட்டது, இனி பகிர வேண்டாம்” என்று ஒரு வரி அனுப்புங்கள்.

படி 4: படம் எடுக்கும் முன்

பிள்ளையின் அழுத முகத்தைப் போட்டால் பணம் வரலாம். நாளைக்கு அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் அதே படத்தைப் பார்ப்பார்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். கையெழுத்து நோட்டு, முதுகுப்புறம், வகுப்பறை இவையே போதும். பிள்ளைகள் இல்லம் நடத்துபவர்களுக்கு இது சட்டப் பிரச்சினையும்கூட. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவில் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

படி 5: பணம் கேட்பது

கியூஆர் கோடு அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்கட்டும். தலைவரின் ஜிபே எண்ணைப் போடவே கூடாது. ஸ்கேன் செய்ததும் திரையில் என்ன பெயர் வரும் என்பதையும் செய்தியிலேயே எழுதிவிடுங்கள், கொடுப்பவருக்குச் சந்தேகம் வராது. கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி அனுமதி இருந்தால் சொல்லுங்கள். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே அது உதவும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். துபாயில் வேலை செய்யும், இந்தியக் குடியுரிமை உள்ள அண்ணன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அக்கா அனுப்பினால் ஆகும். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. அனுமதி இருந்தாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். அதனால் கியூஆர் கோடை ஊர்ச் சங்கத்தின் வெளிநாட்டுக் குழுக்களில் யோசிக்காமல் பகிராதீர்கள்.

படி 6: மற்ற தளங்கள்

இதெல்லாம் ஓர் ஆறு மாதம் ஓடட்டும். அப்புறம் ஒரே ஒரு தளத்தைச் சேர்க்கலாம். உங்கள் நன்கொடையாளர்கள் ஐம்பது வயதுக்காரர்கள் என்றால் ஃபேஸ்புக், கல்லூரித் தன்னார்வலர்கள் வேண்டுமென்றால் இன்ஸ்டாகிராம். இன்ஸ்டாகிராம் பதிவின் விளக்கத்தில் எழுதும் இணைப்பைத் தொட்டுத் திறக்க முடியாது, அதனால் இணைப்பை பயோவில் வையுங்கள். லைக் எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை கொடுத்தார்கள் என்று மாதக் கடைசியில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பதில் எழுதியவருக்கு மறுநாளுக்குள் யார் மறுமொழி அனுப்புவது என்று முதல் வாரமே ஒருவர் பெயரை முடிவு செய்துவிடுங்கள்.